பத்துத் துண்டும் ஒரு சட்டி மாவும்

அன்று நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா இல்லையா என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சொன்னதாகத்தான் நினைவு. மரியமலர் அக்கா இல்லவே இல்லை என்கிறார். "நீங்கள் மரம் மாதிரி நிண்டனீங்கள் தம்பி. கதைச்சது முழுக்க நான்" என்று போனில் சிரிக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அதனால் என் நினைவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் சிரித்தார்கள் என்று கேட்டால் நான் மாற்றிச் சொல்லக்கூடும். நாள் மட்டும் தெரியும். 2007 ஏப்ரல் முதல் தேதி, குருத்தோலை ஞாயிறு. எசன் நகரத்தில் அந்த வருடம் வசந்தம் முந்திக்கொண்டு வந்திருந்தது. பகலில் ஜாக்கெட் வேண்டாம். காலையில் மட்டும் கை விறைக்கும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மென்பொருள் வேலைக்காக எசன் வந்து, றெஜினோல்ட் அண்ணை வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் யாழ்ப்பாணம் பாசையூர். எண்பத்தைந்தில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்கு ரயிலேறி வந்தவர். அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கும் வேலை. அவர் மனைவி மரியமலர் வீடுகளுக்குப் போய்த் துப்புரவு செய்வார். அந்த மார்ச் மாதம் அண்ணைக்கு முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. எனக்கோ ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது ஈஸ்டருக்குப் பிறகுதான். நாள் முழுக்க அறையில் படித்துக்கொண்டு கிடந்தேன்.

"தம்பி, உந்தப் புத்தகத்தை மூடிப்போட்டு மலரோட ஒருக்காப் போட்டு வாரும்" என்றார் அண்ணை, கட்டிலில் மல்லாந்தபடி. "ரஷ்யாக்கார மனிசி வீட்டை பாஸ்காவுக்குத் துப்புரவாக்கவேணுமாம். குளிர்ப்பெட்டி, அடுப்பு, அலுமாரி எல்லாம் தூக்கி நகத்தவேணும். இவவாலை தனிய ஏலாது."

"ஓம், இவருக்கு முதுகு நோகுது, வாய் நோகேல்லை" என்றார் அக்கா. "வாங்கோ தம்பி. மத்தியானச் சாப்பாடு என்ர பொறுப்பு."

அப்படித்தான் நான் ராயிசா வீட்டுக்குப் போனேன்.

ராயிசாவுக்கு அப்போது அறுபத்தொரு வயது. உக்ரைனில் தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் ஊரிலிருந்து கணவரோடும் ஒரே மகன் லெவ்வோடும் தொண்ணூற்றைந்தில் வந்த யூதப் பெண்மணி. பல் பார்ப்பதும் செயற்கைப் பல் செய்வதும் தொழில். கீழறையில் மெழுகும் பிளாஸ்டரும் சிறு சிறு கருவிகளுமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். கணவர் இறந்து ஆறு வருடம். சோவியத் காலத்தில் வளர்ந்தவர் என்பதால் சமயச் சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. மகன்தான் படிக்கப் போன இடத்தில் மார்க்கத்தில் இறங்கி, பெல்ஜியத்தில் அன்ட்வெர்ப் நகரத்துக்குப் போய் வேதம் படித்து, அங்கேயே ரிவ்கா என்ற பெண்ணைக் கட்டினான்.

சமையலறை சமயச் சட்டப்படி இல்லை என்பதால், நான்கு வருடமாக லெவ் அம்மாவின் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வருவான், உட்காருவான், பேசுவான். பையிலிருந்து டின் மீனை எடுத்துத் திறந்து பிளாஸ்டிக் கரண்டியால் சாப்பிடுவான். அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இதை ராயிசா என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னார். "தாய் சமைச்சு வைச்சிருக்க பிள்ளை டின்னை வெட்டுது தம்பி. எனக்கெண்டால் நெஞ்சு வெடிச்சிடும்."

அந்த வருடம் லெவ் தானே சொல்லியிருந்தான்: வீட்டைச் சட்டப்படி சுத்தமாக்கு, சமையலறையை நான் சொல்கிறபடி மாற்று, பாஸ்காவுக்கு நானும் ரிவ்காவும் அவள் அப்பாவும் உன் வீட்டுக்கு வந்து உன் மேசையில் சாப்பிடுகிறோம். ராயிசாவுக்கு அதன்பின் தூக்கமில்லை.

சட்டம் பதினொரு பக்கத்துக்கு மின்னஞ்சலில் வந்தது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்கிற ஐந்து தானியங்களில் எதன் மாவும் தண்ணீர் பட்டுப் புளித்திருந்தால், யூதரின் பாஸ்கா பண்டிகை எட்டு நாளும் அதைச் சாப்பிடக் கூடாது என்பது மட்டுமல்ல, அது ஒரு யூதருக்குச் சொந்தமாகவே இருக்கக் கூடாது. பண்டிகைக்கு முந்தின இரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீடு முழுக்கத் தேட வேண்டும். கிடைத்ததை மறுநாள் மத்தியானத்துக்குள் அழிக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இருந்தால் அது எனக்குச் சொந்தமில்லை, மண்ணின் தூசுக்குச் சமம் என்று வாயால் சொல்லித் தள்ளிவிட வேண்டும்.

"நல்ல சட்டம்" என்றார் அக்கா. "தேடு, எரி, மிச்சத்தைக் கைகழுவு. எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கவேணும். முப்பது வருஷக் கோபத்தையும் பெட்டியில பூட்டி வைச்சிருக்குதுகள்."

மூன்று வாரம் வேலை செய்தோம். அப்படி ஒரு துப்புரவை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. குளிர்ப்பெட்டியை நகர்த்தி அதன் பின்னால் இருந்த கம்பிச் சுருளைத் தூரிகையால் தேய்த்தோம். அடுப்பின் இரும்புத் தட்டுகள் சிவக்கும்வரை சூடாக்கினோம். கற்களை நெருப்பில் காய்ச்சி, கழுவுதொட்டியில் போட்டு, மேலே கொதிநீர் ஊற்றினோம். ஆவியில் அக்காவின் கண்ணாடி வெளுத்தது. பழைய பாத்திரமெல்லாம் பெட்டியில் கட்டிப் பூட்டிப் புதுப் பாத்திரம் வாங்கினார் ராயிசா. இழுப்பறைகளின் மூலையில் ரொட்டித் தூள் அடைந்து கிடந்தது. துணியும் போகாது, தூரிகையும் போகாது. ராயிசா கீழே போய்ப் பல் குடையும் கொக்கிகள் மூன்றைக் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று.

"முப்பத்தெட்டு வருடம் ஆட்களின் வாயில் செய்ததை இப்போது மரத்தில் செய்கிறேன்" என்றார். "மரம் கத்தாது."

என் பங்குக்குப் புத்தகங்கள். ராயிசா சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர். இரண்டு சுவருக்கு ரஷ்யப் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாக்கி விரித்து உதறினேன். எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்தில் அவர் வெகுநேரம் நின்றிருக்கிறார் என்று தூளை வைத்தே தெரிந்தது. ஒரு தடித்த புத்தகத்தின் நடுவில் பக்கமே எண்ணெயில் ஊறியிருந்தது. இரண்டு நாள் நான் யாருடனும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட நல்ல இரண்டு நாள் ஜெர்மனியில் எனக்கு வாய்க்கவில்லை.

கடைசிப் புதன்கிழமை அந்தப் பேச்சு வந்தது. ரொட்டி வீட்டுக்குள் வரக் கூடாது. புளிக்காத அப்பமான மட்சாவைப் பண்டிகை இரவுக்கு முன் தொடக் கூடாது. ராயிசா ஆறு நாளாக உருளைக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் உக்ரைன்காரி, எனக்கே உருளைக்கிழங்கு அலுத்துவிட்டது" என்றார்.

"ஃப்ராவ் ராயிசா, திங்கட்கிழமை காலைமை நான் தோசை சுட்டுத் தாறன்" என்றார் அக்கா. "சமையலறைக்குள்ள வேண்டாம். முத்தத்தில காஸ் அடுப்பு வைச்சுச் சுடுறன். பாண் இல்லை, கேக் இல்லை. தோசை."

ராயிசாவுக்கு அது என்னவென்று தெரியாது. என்னைப் பார்த்தார். படித்தவன் என்று என்மேல் ஒரு மரியாதை. "அது எதில் செய்வது?"

நான் யோசிக்கவே இல்லை. "அரிசியும் உளுந்தும். வேறு எதுவும் இல்லை. நூறு சதவீதம்" என்றேன். அக்காவிடம் தமிழில், "ப்ராப்ளமே இல்லக்கா. ரைஸ்ல க்ளூட்டனே கிடையாது. தோசை சேஃப்" என்றும் சொன்னேன்.

"தம்பி சொன்னால் சரி" என்றார் அக்கா.

ராயிசா லெவ்வுக்குப் போன் செய்தார். அரிசி புளித்த மாவுக் கணக்கில் வராது, எங்கள் வழக்கப்படி பண்டிகைக்குள் அதையும் சாப்பிடமாட்டோம், ஆனால் திங்கள் காலை முற்றத்தில் நீ சாப்பிடு என்று அவனும் சொன்னான். முடிந்தது விஷயம்.

ஞாயிறு பூசை முடிந்து, கையில் ஓலைச் சிலுவையோடும் இடுப்பில் ஒரு பெரிய சருவச்சட்டியோடும் அக்கா வந்தார். முந்தின இரவு அரைத்த மாவு. எங்கள் வீடு குளிர், புளிக்காது. ராயிசாவின் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் ஹைசுங் கொதிகலன் பக்கத்தில், நல்ல கணகணப்பு. "இந்தாங்கோ, இது உங்களுக்கு" என்று கையில் கொடுத்தார். ராயிசா வெளிப்படி வழியாகக் கீழே கொண்டுபோய், கொதிகலனுக்கு மேலிருந்த பலகையில் தானே வைத்தார். பிறகு நாங்கள் கூடத்துத் தரையைக் கடைசித் தடவையாகத் துடைத்தோம்.

ஆறு மணிக்கு அவர்கள் வந்தார்கள். லெவ் ஒல்லியாக, தாடியோடு, இருபத்தெட்டு வயதுக்கு அதிகமான கண்டிப்போடு இருந்தான். ரிவ்கா கையில் பெட்டிகளோடு சிரித்தாள். அவள் அப்பா எங்கல்மான் குட்டையானவர், எழுபதை நெருங்கியவர், தையல் இயந்திரம் பழுதுபார்க்கிறவர். உள்ளே வந்ததும் கதவின் கீலைத்தான் முதலில் பார்த்தார்.

லெவ் சமையலறைக்குள் போய் அரைமணி நேரம் பார்த்தான். இழுப்பறை இழுப்பறையாக விரலை விட்டான். ராயிசா வாசற்படியில் நின்றார், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி. கடைசியில் திரும்பி, "நன்றாக இருக்கிறது, அம்மா" என்றான். ராயிசா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

இருட்டியதும் விளக்குகளை அணைத்தார்கள். தேடுகிறபோது கிடைக்க ஏதாவது வேண்டும் என்பதற்காக, பத்து ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றி ரிவ்கா வீடு முழுக்க ஒளித்து வைத்திருந்தாள். லெவ் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஆசீர்வாத வாக்கியம் சொன்னான். அதற்குப் பிறகு தேடல் முடியும்வரை வேறு பேச்சுக் கூடாது. நாங்களும் நிற்கலாம் என்றார்கள். ஒரு கையில் சுடர், ஒரு கையில் இறகு. பின்னால் ரிவ்கா மரக் கரண்டியும் காகிதப் பையுமாக. சுடர் அலமாரிக்கடியில் இறங்கும், புத்தகங்களுக்குப் பின்னால் ஏறும். ஒரு துண்டு கிடைக்கும்போது இறகால் மெல்லக் கரண்டியில் தள்ளுவான். ஒன்று. இரண்டு. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சிறுவயதில் கண்ணாமூச்சி ஆடிய பிறகு அப்படி அடித்ததில்லை. எட்டு. ஒன்பது. பத்தாவது, பியானோவுக்கு மேல். அக்கா இருட்டில் என் கையைக் கிள்ளினார், சந்தோஷத்தில்.

"கீழே மிச்சம் இருக்கிறது" என்றான் லெவ்.

நிலவறைப் படியில் எல்லோரும் இறங்கினோம். பட்டறையில் ஒன்றுமில்லை. கொதிகலன் அறைக் கதவைத் திறந்தான். முதலில் வந்தது வாசனை. அந்தப் புளித்த, கதகதப்பான, வெந்தயம் கலந்த வாசனை. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. சுடர் மேலே போனது. சட்டியின் மூடி ஒரு சாண் உயர்ந்து, சரிந்து, ஒரு வெள்ளைத் தொப்பிமேல் உட்கார்ந்திருந்தது. மா விளிம்பு தாண்டிப் பொங்கி, பலகையில் வழிந்து, கொதிகலன் மேல் நீளமாக இறங்கி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே ஒரு குமிழி வெடித்தது.

"அம்மா, இது என்ன?"

"அரிசி மாவு. நாளைக் காலைக்கு. போனில் கேட்டேனே."

லெவ் அக்காவிடம் திரும்பினான். "இதில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள்?"

அக்கா விரலை மடக்கினார். "உளுந்து. கொஞ்சம் அரிசி. வெந்தயம். உப்பு. மா."

"என்ன மாவு?"

"கோதுமை மா. மா போடாமல் தோசை என்னெண்டு…"

அத்தோடு நின்றுவிட்டார். தான் சொன்னது அப்போதுதான் தனக்கே கேட்டது. மூன்று வாரமாக அந்த வீட்டின் கோதுமையை நகக்கண் அளவும் விடாமல் குடைந்து எறிந்த கை, தன் வீட்டில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் மாவை அள்ளிப் போட்டிருந்தது. யாழ்ப்பாணத்துத் தோசையில் கோதுமை மா உண்டு என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் சாப்பிட்டிருக்கிறேன். "சாஃப்ட்டா இருக்கு, என்ன அரிசிக்கா?" என்று கேட்டுமிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு இன்னொன்று போடுவார்.

"கடவுளே" என்றார் ராயிசா.

"எந்தக் கரண்டியால் கலக்கினீர்கள்?" என்று கேட்டான் லெவ்.

"எங்கட வீட்டு அகப்பை."

"சட்டியைச் சமையலறையில் வைத்தீர்களா? மேசையில்? ஒரு நிமிடமாவது?"

"இல்லை. வெளிப்படியாலைதான் இறக்கினது. சமையலறைப் பக்கம் போகவே இல்லை."

"அரிசி மட்டும்தான் என்று யார் சொன்னது?"

ராயிசாவின் கண் என்மேல் வந்தது. இந்த இடத்தில்தான் நான் "நான்தான் சொன்னேன்" என்றேன் என்பது என் நினைவு. அக்கா சொல்வது வேறு: நான் தொண்டையைக் கனைத்தேன், அவ்வளவுதான், அவர்தான் முந்திக்கொண்டு, "பிழை என்ர, வேற ஆரையும் கேக்காதேங்கோ" என்றார். இரண்டாவதுதான் நடந்திருக்கும்.

"நாங்கள் போகிறோம்" என்றான் லெவ். "டுசல்டோர்ஃபில் ஒரு குடும்பம் இருக்கிறது. இடம் கொடுப்பார்கள். ரிவ்கா, பெட்டியை அவிழ்க்காதே."

ராயிசாவின் கையிலிருந்த துணி மட்டும் முறுக்கிக்கொண்டே போனது.

எங்கல்மான் நிலவறைப் படியில் மெல்ல உட்கார்ந்தார். "போவதற்கு முன் ஒரு கேள்வி" என்றார். "இந்த மாவு யாருடையது?"

லெவ்வின் முகம் மாறியது. அவன் ஆவலோடு திரும்பி அக்காவுக்கு விளக்கினான். யூதரல்லாதவருக்குச் சொந்தமான புளித்த மாவு இந்த வீட்டில் இருந்தால் சட்டத்துக்குக் கவலையில்லை. "உங்களுடையது என்றால் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். தரையைத் துடைத்தால் போதும். எதுவுமே நடக்கவில்லை. உங்களுடையதுதானே?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா சட்டியைப் பார்த்தார்.

"அக்கா, ஆமான்னு சொல்லுங்க" என்றேன் தமிழில், மெதுவாக. இது நான் சொன்னது எனக்கு நிச்சயம்.

"என்னண்டு சொல்லுறது? நான் குடுத்திட்டன்."

"சும்மா ஒரு வார்த்தைக்கா. யாருக்கும் நஷ்டமில்ல."

"குடுத்த சாமானை என்ரையெண்டு திருப்பி எடுக்கிறதோ தம்பி? எங்கட ஊரில அப்பிடிச் செய்தால் அந்த வீட்டு வாசல் மிதிக்க ஏலாது. அதுவும் குருத்தோலை ஞாயிறு, பூசை கண்டிட்டு வந்து பொய் சொல்லச் சொல்லுறியளோ? நல்லாயிருக்கு உங்கட படிப்பு." பிறகு லெவ்விடம் ஜெர்மனில் நேராகச் சொன்னார். "என்ர இல்லை. மத்தியானம் உங்கட அம்மாவுக்குக் குடுத்திட்டன். அவ கைநீட்டி வாங்கினவ."

லெவ் அம்மாவைப் பார்த்தான். அவர் தலையாட்டி மறுத்தால் போதும் என்பது அவன் பார்வையில் இருந்தது.

"என்னுடையதுதான்" என்றார் ராயிசா, மகனை வீட்டுச் செல்லப் பெயரில் கூப்பிட்டு. "அவள் கொடுத்தாள், நான் வாங்கினேன், நான்தான் இங்கே வைத்தேன். நான்கு வருடமாக இந்த வீட்டில் என்னுடையது எதையும் நீ தொடவில்லை, லியோவா. இதையாவது என்னுடையது என்று சொல்லிவிட்டுப் போகிறேன்."

அவர் அழவில்லை. நிமிர்ந்து நின்றார். ஒரு சொட்டு மா தரையில் விழுந்தது.

அப்போதுதான் எங்கல்மான் சிரிக்கத் தொடங்கினார். முதலில் இருமல் என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நாற்பத்தொரு வருடம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாற்பத்தொரு வருடமாக மெழுகுவர்த்தி பிடிக்கிறேன். என் மனைவி இருந்தவரை அவள் ஒளித்து வைப்பாள், நான் கண்டுபிடிப்பேன். பிறகு மகள் ஒளித்தாள். எங்கே வைத்தார்கள் என்று எனக்குப் பாதி தெரியும். ஒருநாளும் நிஜமான புளித்த மாவு கிடைத்ததில்லை. இன்றைக்குக் கிடைத்திருக்கிறது! அதுவும் இவ்வளவு பெரிய சட்டி! உயிரோடு!" எழுந்து வந்து லெவ்வின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மருமகனே, தேடு என்று சொன்னது எதற்கு? இதற்குத்தான். நாளை மத்தியானம்வரை நேரமிருக்கிறது. வீட்டுக்காரி என்னுடையது என்கிறாள். அப்படியென்றால் வீட்டுக்காரி அழிக்கட்டும்."

ரிவ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லெவ் சிரிக்கவில்லை.

"கழிவறையில் ஊற்றினாலும் போதும்" என்றார் எங்கல்மான்.

"இல்லை. எரிக்க வேண்டும்" என்றான் லெவ். "நாளைப் பன்னிரண்டரைக்குள் துளி மிச்சமில்லாமல் எரிந்தால் இருக்கிறோம். இல்லையென்றால் போகிறோம்."

அன்று பத்து மணிவரை அக்காவும் ராயிசாவும் நானும் கொதிகலன் அறைத் தரையைப் பல் கொக்கியால் குடைந்தோம். வீடு திரும்பியதும் அண்ணை எல்லாம் கேட்டுவிட்டுக் கட்டிலில் குலுங்கிச் சிரித்து, முதுகு பிடித்து, "ஐயோ" என்றார். "மலர், நீர் ஒரு சட்டித் தோசை மாவால ரண்டு நாட்டுச் சம்பந்தத்தை முறிக்கப் பாத்தீராமே."

"இஞ்சேருங்கோ, பேசாமல் படுங்கோ. நாளைக்கு நீங்களும் வாறியள்."

திங்கள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. முற்றத்தில், இறைச்சி சுடும் தொட்டியில் கரியும் விறகும் போட்டு லெவ் நெருப்பு மூட்டினான். பத்துத் துண்டும் பையோடு எரிந்தன. இறகும் மரக் கரண்டியும் எரிந்தன. பிறகு ராயிசா சட்டியைத் தூக்கி மாவை ஊற்றினார்.

பெரும் சீறல். வெள்ளைப் புகை. நெருப்பு அணைந்தது. கரியின்மேல் மா பாதி வெந்து, பாதி பச்சையாகப் படர்ந்தது.

மறுபடி மூட்டினோம். மறுபடி ஒரு அகப்பை. மறுபடி அணைந்தது. மணி பத்தேகால். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, திங்கட்கிழமை காலையில் என்ன சுடுகிறீர்கள் என்று கேட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணை, "ஒண்டும் சுடேல்லை, அணைக்கிறம்" என்றார்.

லெவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தான். "ஈரம் எரியாது. எரியவே எரியாது."

"ஈரத்தை எடுத்தால் எரியும்தானே" என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பினோம்.

"தம்பி, ஓடுங்கோ. வீட்டில தோசைக்கல்லு. காஸ் அடுப்பு கட்டிலுக்குக் கீழ. நல்லெண்ணெய்ப் போத்தலையும் எடுங்கோ. சுட்டுப்போட்டு எரிப்பம்!"

காரை நான் அப்படி ஓட்டியதே இல்லை. பதினேழு நிமிடத்தில் திரும்பினேன். அக்கா முற்றத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். கல் காய்ந்தது. முதல் தோசை விழுந்தது. ஓரம் சிவந்து, நடுவில் துளை துளையாக எழுந்து, வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. அக்கா அதைப் புரட்டி, விடாமல் கருக்கினார். கரிந்ததை ராயிசா கையால் எடுத்து நெருப்பில் போட்டார். எண்ணெய்ப் பசையில் குபீரென்று பற்றியது. ரிவ்கா கை தட்டினாள்.

"கருக்கவெண்டு தோசை சுடுறது என்ர வாழ்க்கையில இதுதான் முதல்" என்றார் அக்கா. "கை கூசுது."

"உமக்கு முதலோ? கலியாணம் முடிச்ச முதல் வருஷம் முழுக்க நான் என்னத்தைச் சாப்பிட்டனான்?" என்றார் அண்ணை.

"உங்களையும் அடுப்பில வைக்கவேணும்."

ஒன்று, இரண்டு, பத்து. நான் விறகு தள்ளினேன். எங்கல்மான் கோட்டைக் கழற்றிவிட்டு அட்டையால் விசிறினார். லெவ் எண்ணிக்கொண்டிருந்தான், உரக்க. அவன் முகத்திலும் கரி.

பதினொன்று அடிக்கும்போது ராயிசா, கல்லிலிருந்து பொன்னிறத்தில் வந்த ஒரு தோசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எதுவரை சாப்பிடலாம்?" என்று எங்கல்மானிடம் கேட்டார். "சட்டப்படி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றேகால்" என்றார். வேறு கேள்வி எதுவும் தன்னிடம் வந்துவிடக் கூடாது என்பதுபோல் பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தை ஆராயத் தொடங்கினார்.

ராயிசா அந்தத் தோசையை வெறுங்கையில் வாங்கி, ஊதி ஊதி, நின்றபடியே தின்றார். இன்னொன்றும் தின்றார். லெவ் பார்த்தான். எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தான். பிறகு ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தான்.

முப்பத்தேழாவது தோசை பன்னிரண்டு பத்துக்கு எரிந்தது. சட்டியை வழித்து, வழித்ததையும் சுட்டு, சட்டியைக் கழுவிய நீரைத் தெருவோரக் கால்வாயில் ஊற்றினார் அக்கா. அவ்வளவுதான் என்று கையை உதறினார்.

"இன்னும் இல்லை" என்றார் எங்கல்மான். "சொல்ல வேண்டும்."

லெவ் புத்தகத்தைத் திறந்து அரமேய மொழி வாசகத்தைத் தொடங்கினான். எங்கல்மான் அவன் கையைத் தொட்டார். "மாவு அவளுடையது. வாயும் அவளுடையதாக இருக்கட்டும். புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். புரியாமல் சொன்னால் அவள் எதையும் விட்டுக்கொடுத்ததாகாது."

மகன் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். வாசகத்தை ஒவ்வொரு துண்டாக ரஷ்ய மொழியில் மாற்றிச் சொன்னான். அவர் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொன்னார். நடுவில் ஓரிடத்தில் அவன் தடுமாறினான். மாவைப் புளிக்கவைக்கிற பொருளுக்கு ரஷ்யச் சொல் அவனுக்கு வரவில்லை. அவர் எடுத்துக்கொடுத்தார். அவன் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னான். அதிலிருந்து யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், யார் திருப்பிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ரிவ்கா எங்களுக்கு ஜெர்மனில் சொன்னாள்: என்னிடம் இருக்கிற புளித்த மாவு, நான் கண்டதும் காணாததும், அழித்ததும் அழிக்காததும், இல்லாததாகட்டும். யாருக்கும் சொந்தமில்லாத மண்ணின் தூசாகட்டும்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

"லியோவா," என்றார் ராயிசா, கரிக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, "பெட்டியை அவிழ்க்கச் சொல்லவா?"

"ரிவ்கா நேற்றே அவிழ்த்துவிட்டாள்" என்றான் லெவ்.

அன்றிரவு அவன் அம்மாவின் மேசையில் சாப்பிட்டான். நான் அங்கே இல்லை. பாத்திரம் கழுவப் போயிருந்த அக்கா சொல்லித்தான் தெரியும். சூப்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினானாம்.

றெஜினோல்ட் அண்ணைக்கு அந்த வருடம் முதுகில் அறுவை நடந்தது. பழைய வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வாயிற்காப்பாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றார். மரியமலர் அக்கா சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் தொடங்கினார். இப்போது நான்கு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். நான் 2009இல் கோயம்புத்தூர் திரும்பினேன். எங்கல்மான் இறந்து பல வருடமாகிறது. லெவ்வும் ரிவ்காவும் அன்ட்வெர்ப்பில் இருக்கிறார்கள், நான்கு பிள்ளைகள். ராயிசா 2016 பிப்ரவரியில் இறந்தார். அதுவரை அவர்களுடைய பாஸ்கா ஒவ்வொரு வருடமும் எசனில், அந்த வீட்டில்தான் நடந்தது.